ஏழு கோடியே நாற்பதாயிரத்து இருநூற்றுப் பதின்மூன்று

இதை எழுதலாம் என்று உட்கார்ந்து, பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போன நாட்கள் எத்தனையோ. கிருத்திகைக்கு மருதமலை ஏறும்போதெல்லாம், இந்தத் தடவை இறங்கிப் போனதும் எழுதிவிடுகிறேன் என்று முருகனிடம் சொல்லுவேன். இறங்கியதும் கடை, வீடு, வந்து இறங்கும் ஒறம்பரை என்று ஏதாவது ஒரு சாக்கு வந்துவிடும். உண்மைக் காரணம் வெட்கம்தான். குடித்துத் திருந்தியவன்கூடத் தன் கதையை நாலு பேரிடம் சொல்லிவிடுகிறான். சாமி பேரைச் சொல்லிக்கொண்டே முட்டாள்தனம் செய்தவன் அதை எந்த வாயால் சொல்வது? இதில் வரும் என் தங்கை இப்போதும் நல்லபடியாக இருக்கிறாள். அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவளைக் கேட்க வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்ட கதைதான் இது.

கோயமுத்தூரிலிருந்து பொள்ளாச்சி போகிற ரோட்டோரத்தில் எங்களுக்கு மாட்டுத் தீவனக் கடை, கடையை ஒட்டியே வீடு. பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு. படியும் மணங்கும் போய்க் கிலோ வந்துகொண்டிருந்த காலம். பழைய எடைக்கும் புது எடைக்கும் நடுவில் ஜனங்கள் முழித்துக்கொண்டிருந்தபோது, நான் மனக்கணக்காகவே மாற்றிச் சொல்லிவிடுவேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் என்றாலும் கணக்கில் கெட்டிக்காரன் என்று பேர். அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டதால் வீட்டுக்கு நான்தான் பெரியவன். வீட்டில் மனைவி, இரண்டு குழந்தைகள், கல்யாண வயதில் என் தங்கை.

எங்கள் பக்கத்தில் எந்தக் காரியத்துக்கும் முன்னால் சாமியிடம் பூ கேட்பார்கள். வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை இன்னொரு இலையிலும் மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். நினைத்த பூ வந்தால் சம்மதம். இல்லையென்றால் அந்தக் காரியத்தைத் தொடுவதில்லை. எங்கள் குலதெய்வக் கோயிலுக்கு இரண்டு பஸ் மாறிப் போய், அதற்கு மேலும் நடக்க வேண்டும். கடையைப் பூட்டிவிட்டு ஒவ்வொன்றுக்கும் போய் வர முடியவில்லை. வீட்டிலேயே சாமி வாக்குக் கேட்க ஒரு வழி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு ஒரு ஏக்கம்.

ஒரு கிருத்திகையன்று மருதமலையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கடைக்குப் பின்னால் இருந்த இடத்தை வாங்கலாமா வேண்டாமா என்று மனம் ஊசலாடிக்கொண்டிருந்தது. பொழுது போகாமல் டிக்கெட்டில் இருந்த எண்ணைத் தலைகீழாகத் திருப்பிப் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தேன். வந்ததை ஒன்பதால் வகுத்தேன். மீதியில்லாமல் போயிற்று. ஒன்பது கிரகமும் ஒத்துக்கொண்ட மாதிரி உடம்பு சிலிர்த்துவிட்டது. மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். இடத்தை வாங்கினேன். நல்லபடியாகவே அமைந்தது.

அதிலிருந்து வந்ததுதான் எண் கேட்பது. காலையில் குளித்துத் திருநீறு பூசி, பூஜை மாடத்து விளக்கை ஏற்றிவிட்டுத் தரையில் உட்காருவேன். யாருடைய காரியமோ அவர் கண்ணை மூடிக்கொண்டு வாய்க்கு வந்தபடி எட்டு இலக்கம் சொல்ல வேண்டும். அதைச் சுண்ணாம்புக்கட்டியால் கல் தரையில் எழுதுவேன். திருப்பி எழுதி, கழித்து, ஒன்பதால் வகுப்பேன். மீதி இல்லை என்றால் முருகன் சம்மதம். மீதி நின்றால் இல்லை. பிறகு ஈரத் துணியால் துடைத்துவிடுவேன். எட்டு இலக்கம் என்று வைத்ததற்கு ஒரு காரணம் வைத்திருந்தேன். சின்ன எண் என்றால் மனிதன் முன்கூட்டியே மனதில் போட்டுப் பார்த்துவிடுவான். கோடிக்குப் போய்விட்டால் நம் பிடிக்கு அடங்காது, அங்கே முருகன் கைதான் வேலை செய்யும் என்று நம்பினேன். எவ்வளவு பெரிய எண்ணோ அவ்வளவு பெரிய சாமி என்று நினைத்தவன் நான்.

இதைப் படிக்கிறவர்களில் கணக்குத் தெரிந்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். சிரியுங்கள். எனக்குத் தெரியவில்லை.

தெரியாமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எண் எப்போதும் சம்மதம் என்றே சொல்லியிருந்தால் நானும் ஒருநாள் சந்தேகப்பட்டிருப்பேன். சில சமயம் மீதி நின்றது. உடுமலைப்பேட்டையில் ஒருவர் கொப்பரை வியாபாரத்தில் கூட்டுச் சேரக் கூப்பிட்டபோது மீதி மூன்று வந்தது. போகவில்லை. அந்த வருஷம் மழையில் அவருடைய கிட்டங்கி ஒழுகி, கொப்பரை முழுக்கப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. இந்தச் செய்தி வந்த அன்று நான் தரையில் விழுந்து கும்பிட்டதை என் மனைவி இன்றும் சொல்லுவாள். அதற்குப் பிறகு எண்ணை அசைக்க யாராலும் முடியவில்லை.

ரோட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கிணறு வெட்டலாமா, பையனை மில்லில் சேர்க்கலாமா என்று காலையில் வந்து உட்காருவார்கள். நான் யாரிடமும் ஒன்றும் வாங்கியதில்லை. அதனால் என் மேல் எனக்கே ஒரு மரியாதை இருந்தது. ஒருவர் அந்தியூர்ச் சந்தைக்கு மாடு வாங்கப் போகலாமா என்று கேட்டு, எண் சம்மதம் சொல்லி, போய் வாங்கி வந்தார். பத்து நாள் கழித்து நொண்டிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"ஏனுங்க, உங்க எண்ணு வாங்குன்னு சொல்லுச்சு. மாடு இந்த ஒதை ஒதைக்குதே?"

"வாங்கலாமான்னுதானுங்க கேட்டீங்க. ஒதைக்குமான்னு நீங்க கேக்கலையே?" என்றேன்.

கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டு காலைத் தடவினார். அப்போது என் பதில் எனக்கு மிகச் சாமர்த்தியமாகப் பட்டது.

என்னிடம் எண் கேட்காதவர் பக்கத்துக் கடை பாய் ஒருவர்தான். பூட்டு, கீல், தாழ்ப்பாள் விற்பவர். கோட்டைமேட்டுப் பக்கம் வீடு. என்னை மாப்ளே என்றுதான் கூப்பிடுவார். எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு தடுப்புச் சுவர்தான். நான் பூஜைக்குப் பிறகு கழித்தல் போடுவதை எட்டிப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார்: "ஏனுங்க மாப்ளே, உங்க சாமிக்குக் கழித்தல் மட்டுந்தான் வருமா? கூட்டல் பெருக்கலெல்லாம் சொல்லித் தரலீங்களா?"

"போங்க பாய், சாமி விசயத்துல வெளையாடாதீங்க."

"நானெங்க வெளையாடறேன்? எண்ணைக் குப்புறத் தள்ளிப் போட்டு அடிக்கறது நீங்க."

அந்த நாட்களில்தான் தங்கைக்கு ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை சிங்காநல்லூர்ப் பக்கத்து மில் ஒன்றில் பிட்டர். சொந்த ஊர் உடுமலைப்பேட்டைக்குப் பக்கம், கொஞ்சம் தென்னை உண்டு. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அப்பா அம்மாவெல்லாம் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார்கள், பையனைக் காணோம். அவர் சைக்கிளில் வந்தார். வழியில் செயின் கழன்று, மாட்டி, கை இரண்டும் மணிக்கட்டு வரை கறுப்பு. வாசலில் நின்று கையைத் தூக்கிக் காட்டி, "கும்புடறதுக்கும் வழியில்லீங்க" என்றார். என் மனைவி தங்கையைத்தான் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். தங்கை செம்பில் தண்ணீரும் ஒரு கை சீயக்காயும் எடுத்துப் போனாள். கறுப்பு போகவில்லை. இவள் ஊற்ற, அவர் தேய்க்க, இவள் மறுபடி போய்ச் சீயக்காய் எடுத்து வர, அவர் என்னமோ சொன்னார். தங்கை வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு உள்ளே ஓடி வந்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன். பார்த்தேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

எல்லோருக்கும் பிடித்திருந்தது. "எண் கேட்டுப்போட்டுச் சொல்லியனுப்பறேனுங்க" என்றேன்.

மறுநாள் காலை விளக்கேற்றித் தங்கையை முன்னால் உட்கார வைத்தேன். கண்ணை மூடி, கையைக் கூப்பி, ஒவ்வொன்றாகச் சொன்னாள்: "ஏழு. பூஜ்ஜியம். பூஜ்ஜியம். நாலு. பூஜ்ஜியம். ரெண்டு. ஒண்ணு. மூணு."

எழுதினேன். ஏழு கோடியே நாற்பதாயிரத்து இருநூற்றுப் பதின்மூன்று. திருப்பிப் போட்டு, கழித்து, ஒன்பதால் வகுத்தேன். மீதி ஒன்று நின்றது.

நான் தலையை ஆட்டினேன். தங்கை கண்ணைத் திறந்து தரையைப் பார்த்தாள். அந்த எண்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் துடைத்தேன்.

மனைவி மட்டும் விடவில்லை. "ஏனுங்க, ஒண்ணே ஒண்ணுதானுங்களே நிக்குது. அஞ்சாறா நிக்குது? இன்னொருக்காப் போட்டுப் பாருங்களேன்."

"சாமி சொன்னதை ரெண்டாவது வாட்டி கேக்கறது சாமியை நம்பாத மாதிரி ஆயிப்போகும்."

"அந்தப் புள்ளை மொகத்தைப் பாத்தீங்களா?"

"மொகத்தைப் பாத்துக் கல்யாணம் பண்ணிப்போட்டு, பொறவு நீயும் நானும் அழுகறதா?"

இந்தப் பதிலும் அப்போது எனக்கு நல்ல பதிலாகவே பட்டது. தரகர் கடைக்கு வந்து ரோட்டில் நின்றபடி கத்தினார். "மாப்பிள்ளைக்குக் குடி கெடையாது, சீட்டாட்டம் கெடையாது, மாமியா நாக்குல தேன். இத்தனையும் பாத்துக் கொண்டாந்தா, தரையில கிறுக்கிப்போட்டு வேண்டாங்கறீங்களே!" பாய் அவரை உள்ளே கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். பாய் என்னிடம் அன்று கேலி எதுவும் பேசவில்லை. அது எனக்குக் கேலியைவிட உறுத்தியது.

அதற்குப் பின் வந்த இடங்கள் ஏதோ காரணத்தால் தட்டிப் போயின. சில இடங்கள் நான் எண்ணிடம் கேட்கும் அளவுக்கே வரவில்லை. ஒருநாள் தங்கை வந்து, ஆசிரியைப் பயிற்சியில் சேரட்டுமா என்று கேட்டாள். அவள் எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தாள். எண் கேட்டுத்தான் சொல்வேன் என்றேன். மறுபேச்சு இல்லாமல் உட்கார்ந்தாள். இந்த முறை கண்ணைக்கூட மூடவில்லை.

"ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு. எல்லாம் ஒண்ணுங்கண்ணா. எட்டு ஒண்ணு."

திருப்பினாலும் அதேதான். கழித்தால் முழுக்கப் பூஜ்ஜியம். வகுக்கவே வேலையில்லை. முருகன் இவ்வளவு அழுத்தமாக ஒரு நாளும் சம்மதம் சொன்னதில்லை என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். தங்கை சிரித்த மாதிரி இருந்தது. சந்தோஷத்தில் சிரிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அவள் பயிற்சி முடித்து, பொள்ளாச்சிக்கு அந்தப்பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போனாள். அங்கேயே ஒரு வயதான டீச்சரோடு தங்கிக்கொண்டு, லீவுக்கு வருவாள். இதற்கிடையில் ஒரு வியாழக்கிழமை பொள்ளாச்சிச் சந்தையில் அந்த பிட்டரைப் பார்த்தேன். தோளில் ஒரு பெண் குழந்தை. அவராகவே வந்து, "நல்லா இருக்கீங்களா? ஊட்டுல எல்லாரும் சௌக்கியங்களா?" என்று கேட்டார். குழந்தையின் கையை எடுத்துக் கும்பிட வைத்தார். எல்லாரும் என்று அவர் கேட்டதில் யார் அடக்கம் என்று எனக்குப் புரிந்தது. சௌக்கியம் என்று சொல்லிவிட்டுப் புண்ணாக்கு விலை பேசப் போய்விட்டேன். சாமி காரணமில்லாமலா தடுத்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தங்கைக்கு வயது ஏறிக்கொண்டே போயிற்று. மறுபடி ஒரு இடம் வந்தபோது நான்தான் மிகவும் பரபரத்தேன். பொள்ளாச்சிக்காரர். தோப்பும் வீடும் உண்டு, மனைவி தவறிவிட்டார், குழந்தை இல்லை. நல்ல மனிதர் என்று நாலு பக்கமும் சொன்னார்கள். பரீட்சை லீவுக்கு அவள் வந்திருந்த சமயம். ஞாயிற்றுக்கிழமை காலை விளக்கேற்றி, அம்மணி வா, உட்கார் என்றேன். எனக்கு அப்போதுதான் கண்ணாடி போட்டிருந்தார்கள். இந்த முறை அவசரப்படாமல், ஒவ்வொரு இலக்கமாக, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் சொன்னாள். "ஏழு. பூஜ்ஜியம். பூஜ்ஜியம். நாலு. பூஜ்ஜியம். ரெண்டு. ஒண்ணு. மூணு."

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எழுதினேன். கீழே திருப்பி எழுதினேன்: மூன்று, ஒன்று, இரண்டு, பூஜ்ஜியம், நான்கு, பூஜ்ஜியம், பூஜ்ஜியம், ஏழு. கடைசியிலிருந்து கழித்துக்கொண்டே வந்தேன். மூன்று கோடியே எண்பத்தெட்டு லட்சத்து முப்பத்தாறாயிரத்து இருநூற்று ஆறு. ஒன்பதால் வகுத்தேன். அப்படியே போயிற்று.

"மீதியே இல்லை அம்மணி! முருகன் மனசு வெச்சுட்டான். உனக்கு நல்ல காலம் பொறந்துருச்சு கண்ணு."

தங்கை தரையைப் பார்த்தபடி சொன்னாள். "அது அதே எண்ணுதானுங்கண்ணா."

"எது?"

"சைக்கிள்ல வந்தாங்களே, அவங்களுக்குக் கேட்டது. அன்னைக்கு மீதி ஒண்ணுன்னு சொன்னீங்க."

மனைவி அடுப்படி நிலையில் வந்து நின்றுவிட்டாள். நான் எண்ணைப் பார்த்தேன். அதே எண் எப்படி ஒருநாள் இல்லை என்றும் ஒருநாள் சரி என்றும் சொல்லும்? முருகன் மனம் மாறினானா என்றுதான் முதலில் யோசித்தேன். அவ்வளவு தூரம் போயிருந்தது என் புத்தி.

தங்கை சுண்ணாம்புக்கட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். குழந்தைகளுக்குச் சொல்லித் தரும் குரல் அவளுக்கு வந்துவிட்டது. ஐம்பத்திரண்டு என்று எழுதி, இருபத்தைந்து என்று திருப்பினாள். "பத்தாம் எடத்துல இருந்த அஞ்சு, ஒண்ணாம் எடத்துக்கு எறங்குதுங்கண்ணா. ஒரு பத்து ஒண்ணா மாறுனா ஒம்பது கொறையும். நூறு ஒண்ணா மாறுனா தொண்ணூத்தொம்பது. ஆயிரம் பத்தா மாறுனா தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. எல்லாம் ஒம்பதுக்குள்ள அடங்கறதுதான். ஏறுனாலும் அப்படித்தான், எறங்குனாலும் அப்படித்தான். எந்த எண்ணைத் திருப்பிக் கழிச்சாலும் ஒம்பதுல போயே தீரும். கோடியா இருந்தாலும் சரி, கோடி கோடியா இருந்தாலும் சரி."

"அப்ப மீதி வந்ததெல்லாம்?"

அவள் அந்தப் பழைய கழித்தலைப் பக்கத்தில் போட்டுக் காட்டினாள். அன்று நான் எழுதிய விடை அவளுக்கு இலக்கம் இலக்கமாக நினைவிருந்தது. லட்சத்து இடத்தில் பூஜ்ஜியத்திலிருந்து இரண்டு போகாது. பக்கத்தில் கடன் வாங்க வேண்டும். பக்கத்திலும் பூஜ்ஜியம். அதனால் அதற்கும் அடுத்த ஏழிடம் போய் வாங்கி, நடுவில் இருக்கிற பூஜ்ஜியம் பத்தாகி, அது இங்கே ஒன்றைக் கொடுத்துவிட்டு ஒன்பதாக நிற்க வேண்டும். நான் அதை ஒன்பதாக்க மறந்து பத்தாகவே விட்டிருந்தேன். எட்டு வர வேண்டிய இடத்தில் ஒன்பது. கூடுதலாக நின்ற ஒன்று அதுதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளை செய்கிற தப்பு.

நம்ப முடியாமல் மனைவியை ஒரு எண் சொல்லச் சொன்னேன். போட்டேன். மீதி இல்லை. இன்னொன்று. மீதி இல்லை. எழுந்து ஓடித் தடுப்புச் சுவருக்கு மேல் பாயைக் கூப்பிட்டேன். "பாய், ஒரு பெரிய எண்ணு சொல்லுங்க!"

"ஏனுங்க மாப்ளே, எனக்கும் கல்யாணமா?" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு எண்ணைச் சொன்னார். அதுவும் மீதியில்லாமல் போயிற்று. தரை முழுக்க வெள்ளையாக எழுதித் தள்ளினேன். வியர்வை வழிந்து கண்ணாடி நழுவிக்கொண்டே இருந்தது. தங்கை என் கையைப் பிடித்து, போதுமுங்கண்ணா என்று நிறுத்தினாள்.

விஷயத்தைக் கேட்டதும் பாய் சுவரில் சாய்ந்துகொண்டார். "அப்படீன்னா உங்க சாமி இத்தனை வருசத்துல ஒருத்தரையும் வேண்டாம்னு சொல்லலீங்க. நல்ல சாமிதானுங்க மாப்ளே" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்குச் சாட்டையடியாக விழுந்தது.

சரி என்று வந்தபோதெல்லாம் யாரும் சரி என்று சொல்லவில்லை. இல்லை என்று வந்தபோதெல்லாம் சொன்னது நான். முருகன் பேசட்டும் என்று விளக்கேற்றினேனே தவிர, அவன் வாயைத் திறக்க நான் கொஞ்சமும் இடம் வைக்கவில்லை. கொப்பரைக்காரரின் நஷ்டத்தைப் பார்த்து விழுந்து கும்பிட்டேனே, அது என் கழித்தல் பிழைக்கு நான் போட்ட கும்பிடு. அதைவிடப் பெரிய வேதனை, வேறு எத்தனை பேரை இப்படித் திருப்பி அனுப்பினேன் என்பது. கணவர் வேலை பார்க்கும் ஊருக்கே போய்க் குடித்தனம் வைக்கலாமா என்று கேட்ட ஒரு பெண்ணுக்கு இல்லை என்று சொன்னது நினைவிருக்கிறது. மற்றது நினைவில்லை. நான் துடைத்துவிட்டேன். அவரவர் எண் அவரவருக்குத்தான் நினைவிருக்கும்.

தங்கையிடம் கேட்டேன். "எப்பத் தெரியும் அம்மணி உனக்கு?"

"டிரெயினிங்குல சொல்லிக் குடுத்தாங்க. அன்னைக்கு ராத்திரியே போட்டுப் பாத்தேன்."

"ஏன் சொல்லலை?"

"அவங்களுக்குக் கல்யாணம் ஆயிப்போச்சுங்களே. சொன்னா நீங்க சோறு திங்க மாட்டீங்க."

"அப்ப அந்த எட்டு ஒண்ணு? அது டிரெயினிங்குக்கு முந்தியாச்சே?"

"அப்பத் தெரியாதுங்கண்ணா. திருப்புனாலும் அதேதான் வரும், நீங்க கடன் வாங்க வேண்டியதில்லைன்னு சொன்னேன்." மனைவி சிரித்துவிட்டாள். நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை.

இன்னொன்றும் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். "அந்த மொத எண்ணுல அத்தனை பூஜ்ஜியம் ஏம்மா சொன்னே?"

அவள் சுண்ணாம்புக்கட்டியை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தாள். "பூஜ்ஜியம் நெறையா இருந்தா மீதி நிக்காதுன்னு நெனைச்சேனுங்க" என்றாள்.

அவள் அந்தப் பையனைக் கேட்டிருக்கிறாள். தனக்குத் தெரிந்த ஒரே வழியில், வாய்விட்டு, என் முன்னால் கேட்டிருக்கிறாள். அவள் வைத்த அந்தப் பூஜ்ஜியங்களிலேயே என் கழித்தல் தடுக்கி விழுந்திருக்கிறது. நான் எழுந்து போய்க் கிணற்றடியில் நின்றேன். யாரும் பின்னால் வரவில்லை. நல்லவேளை.

திரும்பி வந்தபோது விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. தங்கை தரையைத் துடைத்து முடித்திருந்தாள். பொள்ளாச்சிக்காரர்கள் மாலையில் பதில் கேட்டு ஆள் அனுப்புவார்கள். என்ன சொல்வது என்று தெரியாமல் பூஜை மாடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பழக்கம் அது.

"அங்க எதுக்குங்கண்ணா பாக்கறீங்க?" என்றாள் தங்கை. "கேக்கறதுன்னா என்னைக் கேளுங்க."

இத்தனை வருஷத்தில் அவளை நான் கேட்டதே இல்லை. பூஜ்ஜியம், ஒன்று என்றுதான் சொல்லச் சொல்லியிருக்கிறேன். அன்று சிரித்துக்கொண்டு உள்ளே ஓடி வந்தபோதுகூட, உனக்குப் பிடித்திருக்கிறதா என்று அந்த இரண்டு வார்த்தை வாயில் வரவில்லை. இப்போதும் உடனே வரவில்லை. எட்டு இலக்கத்தை நொடியில் திருப்பிப் போடுகிறவனுக்கு அதைக் கேட்க அவ்வளவு நேரமாயிற்று.

"உனக்குச் சம்மதமா அம்மணி?"

"இல்லீங்கண்ணா" என்றாள். "அவங்க நல்லவங்களாத்தான் இருப்பாங்க. எனக்கு வேண்டாமுங்க. என்ற பள்ளிக்கூடத்துல நான் நல்லாத்தான் இருக்கறேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. நான் சரி என்றேன். ஏன் என்று கேட்கவில்லை, இன்னொருக்கா யோசித்துப் பார் என்றும் சொல்லவில்லை. அன்று மாலை வந்த ஆளிடம், பெண்ணுக்கு விருப்பமில்லை என்று சொன்னேன். சாமி மேல் போடவில்லை. அந்த ஆள் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

மறுவாரத்திலிருந்து எண் கேட்க வந்தவர்களிடம் உள்ளதைச் சொல்ல ஆரம்பித்தேன். எண் எப்போதும் சரி என்றுதான் சொல்லும், இல்லை என்று வந்தது என் தப்பு என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். சிலர், உங்களிடமிருந்து அருள் போய்விட்டது, அதை மறைக்கிறீர்கள் என்றார்கள். மாட்டிடம் உதை வாங்கியவர் மட்டும் கடைவாசலில் நின்று, "அப்ப நான் என்ன எண்ணு சொல்லியிருந்தாலும் அந்த மாட்டைத்தான் ஓட்டியாந்திருப்பேன்னு சொல்லுங்க" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கணவர் ஊருக்குப் போகாமல் இருந்த அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன். அவர்கள் வீடு மாற்றிப் போயிருந்தார்கள். எங்கே என்று தெரியவில்லை.

மருதமலைக்கு இன்றும் போகிறேன். கால் முன்போல் ஏறவில்லை, அங்கங்கே உட்கார்ந்துதான் ஏறுகிறேன். அவனிடம் இப்போது எதையும் கேட்பதில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டுத் திருநீறு வாங்கிக்கொண்டு இறங்குவேன். தங்கை அந்தப் பள்ளிக்கூடத்திலேயே பெரிய டீச்சராகி ஓய்வு பெற்றாள். இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுதுங்கண்ணா. எனக்குப் பாவம் பாத்து எழுதாதீங்க. கணக்கை மட்டும் சரியா எழுதுங்க" என்றாள். எழுதியதை வாங்கிப் படித்தாள். கழித்தலை மட்டும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

படிக்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இதை யாருக்காவது சொல்லத் தோன்றினால் சொல்லுங்கள். பூ கேட்கிறவர்களுக்கும், ஜாதகம் பார்க்கிறவர்களுக்கும், தங்கை உள்ளவர்களுக்கும் சொல்லுங்கள். ஆனால் என் மேல் இரக்கப்பட்டு எதையும் திருத்தாதீர்கள். அந்த பிட்டர் பிறகு வந்து அவளைக் கட்டிக்கொண்டார் என்று சேர்க்காதீர்கள். அண்ணன் நல்ல மனதோடுதான் செய்தான் என்று முடிக்காதீர்கள். அவள் சொன்ன எண்ணை அப்படியே சொல்லுங்கள். அன்று நான் போட்ட கழித்தலையும் அந்தத் தப்போடு, மீதி ஒன்றோடு, அப்படியே சொல்லுங்கள்.